கையெழுத்துப் போட்ட அன்றே காசு வாங்கிப் போகிறவர்கள்

காட்பாடி

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

2008-இல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் கவிழ்ந்ததற்குத் தகுதிக்கு மீறி வாங்கினவர்கள்தான் காரணம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த நாட்டு அரசாங்கம் விசாரிக்கப் போட்ட பத்துப் பேர் குழுவே 2011 ஜனவரியில் ஒத்துப்போகவில்லை. ஆறு பேர் அறிக்கை கொடுத்தார்கள், மூன்று பேர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள், மிச்சம் ஒருத்தர் அரசின் வீட்டுவசதிக் கொள்கையே குற்றவாளி என்று தனியாக எழுதினார். அதனால் நீங்கள் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்வதில் தப்பில்லை. ஆனால் இங்கே நீ வாங்க நினைக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் என் கணக்கையும் பார்த்துவிடு.

திருப்பிக் கட்டும் சக்தி குறைந்தவர்களிடம் அங்கே அதிகம் விற்ற கடனுக்கு 2/28 என்று பெயர். முதல் 2 வருஷம் குறைந்த வட்டி, அடுத்த 28 வருஷம் சந்தை வட்டி. வருமானத்துக்கு வாய்வார்த்தையே போதும் என்றும் பல கடன்கள் எழுதப்பட்டன. புரோக்கருக்குக் கமிஷன் பத்திரம் முடிந்த அன்றே. தகுதிக்கு மேல் வட்டி போட்டு எழுதிக்கொடுத்தால் அந்தக் கமிஷன் இன்னும் கூடும், இதுதான் எனக்கு இன்றும் வயிறெரியும் இடம். கடன் கொடுத்த கம்பெனி அதைத் தன் ஏட்டில் வைத்துக்கொள்ளாமல் சீக்கிரமே விற்றுவிடும். அந்தக் கடன்களை விலைக்கு வாங்கினவர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக்கி, துண்டு போட்டு, முதலீட்டாளர் தலையில் கட்டினார்கள். அதற்கு உயர்ந்த தரம் என்று முத்திரை குத்திய நிறுவனங்களுக்குக் கூலி கொடுத்ததும் விற்கிறவனே. பெண் வீட்டார் காசில் பொருத்தம் பார்க்கிற ஜோசியர் பத்துக்கு ஒன்பது சொல்லாமல் என்ன செய்வார்?

2003 ஜூனில் 1 சதவீதமாக இருந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி 2006 ஜூனில் 5.25. வீட்டு விலை ஏறுகிற வரைக்கும் பழைய கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கிச் சமாளித்தவர்களுக்கு, விலை நின்றதும் அந்த வழி அடைந்தது. 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால்.

என் குற்றவாளி வரிசையில் கடன் கொடுத்துவிட்டுக் கைகழுவினவன் முதலில், முத்திரை குத்தினவன் அடுத்து, பார்த்துக்கொண்டிருந்த மத்திய வங்கி மூன்றாவது. குடியிருக்க ஒரே வீடு வாங்கினவன் கடைசி. விலை ஏறினதும் விற்கலாம் என்று மூன்று நான்கு வாங்கிப் போட்டவனை அந்தக் கடைசி இடத்தில் சேர்க்க மாட்டேன்.

இப்போது நம்ம ஊருக்கு வா. "விஐடி பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டால் தவணை தானே கட்டிக்கொள்ளும்" என்று சொல்கிற புரோக்கர், கடனை முடித்துத்தரும் ஏஜென்ட், விற்கிறவர், மூன்று பேருக்கும் பத்திரம் பதிந்த அன்றே வேலை தீர்ந்தது. கோடை விடுமுறையில் அறை காலியானால் கட்டவேண்டியது நீ.

வீடு 62.5 லட்சம் என்றால், 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சம் 80 சதவீதம், அதாவது 50 லட்சம். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் இதில் சேராது. இங்கே அது 7 சதவீதமும் 2 சதவீதமுமாக ஐந்தரை லட்சத்துக்கு மேல். வீட்டு விலையில் மிச்சம் 12.5 லட்சமும் சேர்த்தால் கைக்காசு மட்டும் 18 லட்சம் வேண்டும். இந்தப் பள்ளத்தைப் பர்சனல் லோன், நகைக்கடன், சீட்டு எடுத்த பணம் என்று நிரப்புகிறவர்கள்தான் முதலில் சிக்குகிறார்கள். அப்படித்தான் நிரப்பவேண்டும் என்றால் வீடு வேண்டாம்.

வட்டிதான் அடுத்த பொறி. 50 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம் என்றால் தவணை 38,765 ரூபாய். வட்டி 9 ஆகி, நீ தவணையைக் கூட்டாமல் விட்டால் முடிய 458 மாதம், 38 வருஷம்! 9.5 ஆனால் முதல் மாத வட்டியே 39,583. தவணை வட்டிக்கே போதாது, அசல் ஏற ஆரம்பிக்கும். கற்பனை இல்லை: 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4-லிருந்து 6.5 ஆனது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியை வங்கி தரவேண்டும் என்று 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் காலம்தான் நீளும், எனவே எழுதிக் கேள். 9.5-க்கு 20 வருஷத் தவணை சுமார் 46,600. அந்தத் தொகையை இன்றே ஆறு மாதம் தனிக்கணக்கில் போட்டுப் பார். இழுபறியானால் கடனைக் குறை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, போனஸ் வந்தால் அசலில் போடு.

90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கும். நோட்டீஸ் வந்ததும் எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும், சும்மா இருந்துவிடுகிறவர்களே அதிகம்.

தாய்ப்பத்திரம் அசல், 30 வருஷ வில்லங்கச் சான்று, விற்கிறவர் பேரில் பட்டா, கட்டட அனுமதி வரைபடம் நாலும் வாங்கி அனுப்பு. வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்ப்பார், நமக்கு ஒருத்தரைத் தனியாக வைப்போம். அனுமதியில் தரைதளம் மட்டும் இருந்து மேலே மாடி கட்டியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதே.

அப்பா