துப்பாக்கிக் கதை எழுதுறவருக்கு மியூசியத்துல என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருஷமா உங்க பத்திரிகைக்கு சந்தா கட்டிட்டு வர்றேன், அதுல 22 வருஷம் அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவுலேர்ந்து. விமானக் கம்பெனி வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனப்புறம் சனிக்கிழமை தோறும் பக்கத்து ஊர் மியூசியத்துக்கு சம்பளமில்லாம உதவிக்குப் போறேன். உங்க போன மாச பயணக் கட்டுரையில வந்தது அந்த மியூசியம்தான். அங்க ஒரு கௌபாய் நாவல் எழுத்தாளர் உக்காந்து புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டிருந்தார், துப்பாக்கிக் கதை எழுதுறவருக்கு மியூசியத்துல என்ன வேலைன்னு ஒரு வரி எழுதிட்டு, உங்க கட்டுரையாளர் அடுத்த பாராவுல ஓட்டல் சாப்பாட்டைப் பத்தி எழுதப் போயிட்டார். எனக்கு அந்த வரியைத் தாண்டி படிக்க முடியலை. மூணு வாரமா மனசு ஆறலை.

என்ன வேலைன்னு நான் சொல்றேன் சார். அந்த மனுஷன் மூணு குளிர்காலம் எங்க பின்னாடி ரூம்ல ஹீட்டர் கூட சரியா வேலை செய்யாத இடத்துல உக்காந்து பழைய பேப்பரெல்லாம் மைக்ரோஃபிலிம்ல படிச்சார், மாட்டுக்குப் போடுற சூட்டுக்குறி பதிஞ்ச ரிஜிஸ்டரை பக்கம் பக்கமா பார்த்து நோட்டுல வரைஞ்சுக்கிட்டார். எதுக்குன்னா டெக்சாஸ்லேர்ந்து ரயில்ல ஏத்தறதுக்காக கன்சாஸுக்கு ஓட்டிட்டு வந்த மாட்டு மந்தைதான் கதை, அது எந்த வருஷம் எந்த வழியா வந்திருக்க முடியும்னு தெரியணும். டெக்சாஸ் லாங்ஹார்ன்ங்கற நீளக் கொம்பு மாட்டு மேல இருக்கற உண்ணியால உள்ளூர் மாடுங்க காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தா சாகும், ஆனா லாங்ஹார்னுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால கன்சாஸ் அரசாங்கம் ஒரு கோடு கிழிச்சு இதுக்கு இந்தப் பக்கம் டெக்சாஸ் மாடு வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, விவசாயிங்க குடியேறக் குடியேற அந்தக் கோட்டை மேற்க மேற்க தள்ளிக்கிட்டே போனாங்க. 1867ல கன்சாஸ்ல அபிலீன்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச மாட்டு வியாபாரம் 1872ல விச்சிட்டாவுக்கு வந்ததும், 1876ல மேற்கே டாட்ஜ் சிட்டிக்குப் போனதும் ரயில் பாதையாலயும் இந்த உண்ணியாலயும்தான், 1885ல மாநிலம் பூரா தடை வந்ததும் உண்ணியாலதான். காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம்னு விஞ்ஞானிங்க நிரூபிச்சது 1893ல. இதுல ஒரு வருஷம் மாத்தி எழுதினா எங்க ஊர்ப் பெரியவங்க அவரை வாசல்லயே நிறுத்திக் கேட்டுடுவாங்க.

துப்பாக்கிக் கதைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு புஸ்தகத்தையாவது உங்காளு புரட்டிப் பார்த்தாரா? 300 பக்கத்துல துப்பாக்கி வெடிக்கறது ரெண்டே இடத்துல. 1870லேர்ந்து 1885 வரைக்கும் கன்சாஸோட அஞ்சு மாட்டு வியாபார ஊர்லயும் சேர்த்து கொலை 45தான்னு ஒரு ஆய்வாளர் எண்ணிச் சொல்லியிருக்கார். டாட்ஜ் சிட்டிக்குள்ள துப்பாக்கியோட நடமாடக்கூடாதுன்னு போர்டே வெச்சிருந்தாங்க. பழைய கௌபாய் கதைகள் நிறைய பொய் சொல்லிச்சு, கறுப்பினத்தவரையும் மெக்சிகோக்காரங்களையும் மறைச்சுச்சு, நான் இல்லைன்னு சொல்லலை. நாலு கௌபாயில ஒருத்தர் கறுப்பினத்தவர்னு ஆய்வாளர்கள் கணக்கு சொல்றாங்க. ரான்ச், லாஸோ, ரோடியோ எல்லாமே ஸ்பானிஷ்லேர்ந்து வந்த வார்த்தை. இவரோட கதையில நாயகனே நிகோடெமஸ் ஊர்ப் பையன், அடிமைத்தனத்துலேர்ந்து விடுபட்டவங்க 1877ல கென்டக்கிலேர்ந்து வந்து கன்சாஸ்ல உண்டாக்கின ஊர் அது.

அன்னைக்கு நடந்ததையும் கேளுங்க. மடக்கு மேஜை ஒண்ணு, கார் டிக்கியிலேர்ந்து அவரே தூக்கிட்டு வந்த ரெண்டு அட்டைப்பெட்டி புஸ்தகம், காபி போடுறது நான். வித்த காசுல பாதியை ஒழுகற கூரைக்குன்னு எங்களுக்கே குடுத்தார். உங்க கட்டுரையாளர் கிளம்பின கொஞ்ச நேரத்துல எண்பது வயசு அம்மா ஒருத்தங்க ஒரு பழைய நோட்டை துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. அவங்க கொள்ளுத்தாத்தா மாட்டு மந்தை கூட வந்த சமையல்காரர். எத்தனை மூட்டை மாவு, எவ்வளவு பீன்ஸ், யாருக்குப் பூட்ஸ் வாங்கினதுல சம்பளத்துல எவ்வளவு பிடிச்சதுன்னு பென்சில்ல எழுதி வெச்சிருக்கார். அவங்க வீட்டுப் பரண்ல கிடந்தது, அந்த நாவலைப் படிச்சப்புறம்தான் இதுக்கும் மதிப்பு இருக்குன்னு தோணிச்சுன்னாங்க. நாங்க பத்து வருஷமா பேப்பர்ல விளம்பரம் குடுத்தும் வராத நோட்டு சார் அது. எழுத்தாளர் அதைத் தொட்டுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

சிவகாசியில அச்சான கௌபாய் காமிக்ஸ் படிச்சுத்தான் எனக்கு வேகமா தமிழ் படிக்கவே வந்துச்சு. ஆனா உங்க பத்திரிகையில மலிவுவிலை நாவல் எழுதினவங்களுக்கு ஒரு நாளும் மரியாதை இருந்ததில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதைப் பத்தி நான் எழுதின கடிதத்தை நாலு வரியா வெட்டி, நான் சொன்னதுக்கு நேர் எதிரா அர்த்தம் வர்ற மாதிரி போட்டீங்க. போன்ல கேட்டதுக்கு இடமில்லைன்னாங்க. நான் சண்டை போடலை, சந்தாவையும் நிறுத்தலை.

இன்னொண்ணு, அதே கட்டுரையில அஞ்சு இடத்துல செவ்விந்தியர்னு இருக்கு. தோல் நிறத்தை வெச்சு கூப்பிடுறது என்ன பழக்கம்? விச்சிட்டாங்கறதே ஒரு மக்களோட பேர். புல் வேய்ஞ்ச வீடு கட்டி இங்க வாழ்ந்தவங்க, இன்னைக்கு அவங்க பழங்குடி அரசோட தலைமையிடம் ஒக்லஹோமாவுல அனடார்கோவுல இருக்கு. ஒசேஜ், ஷையான், கயோவா, கான்சான்னு ஒவ்வொருத்தருக்கும் பேர் இருக்கு, கன்சாஸ்ங்கறதே அப்படி ஒரு பேர்தான். இதெல்லாம் தெரியாதவர் இல்லை நீங்க, அதான் வலிக்குது.

நான் கேக்கறது பெருசில்லை. படத்துக்குக் கீழ துருப்பிடித்த கம்பித் துண்டுகள்னு போட்டிருக்கீங்க, அது முள்கம்பி. 1874ல கிளிடன்ங்கறவர் பேடன்ட் வாங்கினப்புறம் இது வந்துதான் திறந்த மேய்ச்சல் நிலம் எல்லாம் வேலிக்குள்ள போச்சு. அடுத்த இதழ்ல முள்கம்பின்னு திருத்தம் போடுங்க. முடிஞ்சா அந்த எழுத்தாளர் மூணு குளிர்காலம் அங்க உக்காந்து படிச்சவர்னு ஒரு வரியும் சேருங்க. இந்தக் கடிதத்தை முழுசா போட இடமில்லைன்னா போடவே வேண்டாம், தயவுசெஞ்சு வெட்டி மட்டும் போடாதீங்க.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
விச்சிட்டா, கன்சாஸ்