ஒரே வழி கத்திதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், 'வாய்க்குள் வரும் ரத்தக்குழாய்க் கட்டிகளை வெட்டி எடுப்பதே ஒரே வழி' என்று ஒரு வரி. ஒரே வழி! என்ன ஒரு நிச்சயம்! படித்ததும் கீழுதட்டின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டேன். பதினோரு வருடம் அங்கே பட்டாணி அளவில் ஒரு நீலக் கட்டி இருந்தது. விரலால் அழுத்தினால் வற்றும், குனிந்தால் புடைக்கும். இன்று இல்லை. ஒரு தையல்கூடப் போடவில்லை.

முதலில் பார்த்த பல் மருத்துவரும் உங்கள் கட்டுரையாளர் ரகம்தான். "வெட்டிடலாம்." ரத்தம் நிற்குமா என்றேன். "பாத்துக்கலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. அன்று எழுந்து வந்தவள், பயத்திலேயே பல வருடங்களைக் கழித்தேன். பிறகு பார்த்தவர் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தி, நிறம் வெளுப்பதைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். டாப்ளர் ஸ்கேனில், ரத்தம் வேகமாகப் பாயும் வகை இல்லை, சிரை சம்பந்தப்பட்டதுதான் என்று உறுதியான பிறகே ஊசியை எடுத்தார். சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட். காலில் நரம்பு சுருண்டு புடைப்பவர்களுக்குப் போடும் அதே மருந்து. அது குழாயின் உள்சுவரைக் கெடுக்க, ரத்தம் உறைந்து, நாளடைவில் தழும்பாகிச் சுருங்கிவிடுகிறது. எனக்கு மூன்று தவணை ஆனது. முதல் ஊசிக்குப் பின் உதடு வீங்கி, நான்கு நாள் உறிஞ்சுகுழல்தான் கதி. மருந்து வெளியே கசிந்தால் புண்ணாகும் என்பதையும் அவர் முன்பே சொல்லியிருந்தார்.

ரத்தக்குழாய்க் கட்டிகள் எல்லாம் ஒரே வியாதி அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வளரும் கட்டி வேறு, பிறவிக் குழாய்க் கோளாறு வேறு என்று 1982-லேயே பிரித்துவிட்டார்கள். வளரும் வகையைச் சேர்ந்த, கைக்குழந்தைகளின் ஹீமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி பெரும்பாலும் தானாகவே சுருங்கும். தொல்லை கொடுப்பவற்றுக்கு, இதய நோயாளிகள் சாப்பிடும் புரோபிரனோலால் கேட்கிறது என்று பிரான்ஸ் மருத்துவர்கள் 2008-ல் எழுதினார்கள். கர்ப்பிணிகளின் ஈறில் வரும் சிவப்புக் கட்டி பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடுவது உண்டு. லேசரும் இருக்கிறது. வெட்டியே ஆகவேண்டியவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்த 'ஒரே' தான் உறுத்துகிறது.

உங்களுக்கு இது புதிதும் அல்ல. முன்பொரு முறை 'வாயில் கட்டியா? உஷார்!' என்று புற்றுநோயின் சின்னமான நண்டுப் படத்தோடு அட்டையில் போட்டீர்கள். அந்த வாரம் நான் தூங்கவில்லை. இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வரி வந்தது, அத்தனையும் பாராட்டு! என் கோபத்தை அவ்வளவு நேர்த்தியாக அறுத்தெடுத்த உதவி ஆசிரியர் அறுவை சிகிச்சையை ஆதரிப்பதில் ஆச்சரியமில்லை.

ராசிபலனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் போதும். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாசகி