வட அயர்லாந்தின் டெரி நகரிலிருந்து அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

நான் நல்ல சுகம். குளிர் தொடங்கிவிட்டது, பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வைத்தியசாலையில் இரவு வேலை வந்தால் சூரியனைக் காணாமலே ஒரு கிழமை போய்விடும். ஆனால் இங்கே சனம் நல்ல சனம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் இறங்குவதற்குள் தன் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார். நான் தனியே இருக்கிறேன் என்று அம்மா கவலைப்படுவா, அவவுக்கு இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்று எழுத ஒரு பாட்டு விஷயம் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்கத் தந்த இரட்டை இசைத்தட்டு ஒன்று, பெயர் ‘ஓல் ராப்ட் அப்’. இந்த ஊர்ப் பெடியன்கள் ஐந்து பேரின் குழுவான அண்டர்டோன்ஸ், 1983இல் கலைந்த கையோடு வெளிவந்த தொகுப்பு. அவர்கள் விட்ட 13 சிங்கிள்களும் (தனிப்பாட்டுத் தட்டுகள்) அவற்றின் பின்பக்கப் பாட்டுகளும் இதில் இருக்கின்றன. அட்டை எனக்குப் பிடிக்கவேயில்லை: இறைச்சித் துண்டுகளை உடுத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிய ஒரு பெண். பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

முதல் சிங்கிள் ‘டீனேஜ் கிக்ஸ்’. இரண்டரை நிமிடம்தான். பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஹூலி என்பவர் 1978இல் தன் சின்ன நிறுவனத்தில் வெளியிட்டார். பிபிசி வானொலியில் அறிவிப்பாளர் ஜோன் பீல் அதைப் போட்டு, முடிந்ததும் உடனே இன்னொரு தரம் போட்டார். 2004இல் அவர் இறந்த பிறகு அந்தப் பாட்டின் ஒரு வரியைத்தான் கல்லறையில் பொறித்தார்கள். பாடுகிறவர் ஃபேர்கல் ஷார்க்கி. அந்த நடுங்குகிற குரலை ஒருதரம் கேட்டால் விடாது. பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியது கிற்றார் வாசித்த ஜோன் ஓநீல், அவருடைய தம்பி டேமியனும் கூடவே கிற்றார்.

‘மை பெர்ஃபெக்ட் கசின்’ என்று ஒன்று இருக்கிறது, 1980இல் பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. எல்லாப் பரீட்சையும் பாஸான, எதிலும் தோற்காத ஒன்றுவிட்ட சகோதரனைப் பற்றிய எரிச்சல் பாட்டு. பெரியம்மா வீட்டு அண்ணாவை நினைத்துச் சிரித்தேன். உங்களுக்கும் அதுதான் வரும்.

அந்தக் காலத்தில் இந்த ஊர் இருந்த நிலைமை உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 1972 ஜனவரி 30இல் பொக்சைட் பகுதியில் ஊர்வலம் போன சனத்தைப் பிரிட்டிஷ் ஆமி சுட்டது, 13 பேர் அன்றைக்கே செத்துப்போனார்கள். இந்தப் பெடியன்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். சென்றியும் சோதனையும் குண்டும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் பாடியதோ பெட்டைகள், கோடை விடுமுறை, வராத டெலிபோன் அழைப்பு. ஏன் சண்டையைப் பற்றிப் பாடவில்லை என்று அவர்களை ஓயாமல் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே கோபம் தருகிறது, அண்ணா. கரண்ட் இல்லாத காலத்தில் நீங்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடல் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாட, நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டது காதல் பாட்டுத்தானே? பதினேழு வயது ஆமிக்குப் பயந்து வராமல் இருக்குமா?

முழுக்க விலகி நின்றவர்களும் இல்லை. 1981இல் சிறையில் உண்ணாவிரதம் நடந்த நேரத்துப் பாட்டு ‘இட்ஸ் கோயிங் டு ஹாப்பன்’. அந்த உண்ணாவிரதம் இருந்த கைதி பொபி சாண்ட்ஸ் இறந்த கிழமை அதைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது டேமியன் கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தார். வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது எனக்குத் திலீபன் உண்ணாவிரதம் இருந்த நல்லூர் வீதி ஞாபகம் வந்தது.

இசைத்தட்டின் கடைசிப் பக்கத்தைக் கனபேர் தட்டிக்கழிப்பார்கள், அந்தப் பாட்டுகள் விற்கவும் இல்லை. எனக்கு அவைதான் நெஞ்சில் நிற்கின்றன. ‘ஜூலி ஓஷன்’ மெல்லப் போகிறது, ‘த லவ் பரேட்’டில் ஓர்கன் வந்துவிடுகிறது. அடித்துப் பறந்த பெடியன்கள் ஐந்து வருஷத்துக்குள் வளர்ந்து, என்ன வேண்டும் என்று தேடுவது கேட்கிறது. அப்புறம் ஷார்க்கி விலகினார், 1985இல் தனியாகப் பாடி முதலிடம் பிடித்தார். ஓநீல் சகோதரர்கள் வேறு குழு தொடங்கினார்கள். 1999இல் மற்ற நாலு பேரும் இன்னொரு டெரிப் பாடகரோடு திரும்பவும் சேர்ந்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய ஐந்து பேரின் கதை இந்த நாலு பக்கத்தோடு முழுசாக இருக்கிறது.

மகனுக்குக் கிற்றார் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். பாட்டுகளைப் பிரதி பண்ணி அனுப்புகிறேன். ‘டீனேஜ் கிக்ஸ்’ஸுக்குச் சில கோர்ட்டுகள் போதும், அவனால் வாசிக்க முடியும். வரிசையைக் குலைக்காமல் கேட்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட இருந்து கேளுங்கள். எது பிடித்தது என்று அவன் கையாலேயே எழுதட்டும்.

அம்மாவின் கண்ணாடிக்குக் காசு இந்த மாதமே போடுகிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி