வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

பொங்கல் விழா, புத்தக தினம், பாரதி நினைவு நாள் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒரு கூட்டம் ரத்தானது. அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். போனி கார்மஸ் எழுதிய 'லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி' நாவலைச் சேர்ந்து படிக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது, செயற்குழுவில் ஒருவர் "சமையல் புத்தகமா?" என்று கேட்டார். கேள்வி குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அவர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. அதுவும் பதிவாகியிருக்கிறது.

2022இல் வந்த நாவல் இது. அப்போது ஆசிரியருக்கு வயது 64. இதுதான் அவருடைய முதல் நூல். கதை நடப்பது 1950, 60களின் கலிபோர்னியாவில். எலிசபெத் ஜாட் வேதியியல் படித்தவள். ஆய்வு வழிகாட்டியே அத்துமீறுகிறார்; கையில் இருந்த பென்சிலால் குத்தித் தப்பிக்கிறாள். ஆனால் முனைவர் படிப்பு பறிபோவது அவளுக்குத்தான். பிறகு வேலை பார்க்கும் நிறுவனமும், திருமணமாகாமல் கர்ப்பமானாள் என்று வெளியே அனுப்பிவிடுகிறது. அவள் வீட்டுச் சமையலறையை இடித்து ஆய்வகமாக்கிக்கொள்கிறாள். அப்புறம் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி. உப்பை சோடியம் குளோரைடு என்றே சொல்லி, பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு வேதியியல் நடத்துகிறாள். கதையில் வரும் நாய் யோசிக்கும் பக்கங்கள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டன. பேத்திகளை அழைத்து வந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடித்தன. சரி.

"இதெல்லாம் கதைக்காக மிகைப்படுத்தியது" என்று ஒரு மூத்த உறுப்பினர் வாதிட்டார். அவருக்காகவே அடுத்த கூட்டத்தில் இயற்பியல் விஞ்ஞானி மரியா கெப்பர்ட் மேயரைப் பற்றிப் பேசினேன். கணவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கணவன் மனைவி இருவரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, இவருக்கு அங்கே முறையான பதவி தரவில்லை. முழு ஊதியப் பேராசிரியர் பதவி 1960இல்தான் கிடைத்தது, அதுவும் கலிபோர்னியாவில். 1963இல் இயற்பியல் நோபல் பெற்றபோது, சான் டியேகோ நாளிதழின் தலைப்பு, அந்த ஊர்த் தாய்க்கு நோபல் என்றுதான் இருந்தது.

நம் பக்கத்தில் இயற்பியல் விஞ்ஞானி அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வைரத்தின் நிறமாலையைப் படமெடுக்க ஒரு புகைப்படத் தகட்டுக்கே பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி பட வேண்டும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஆய்வேடு எழுதிக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. மூத்த உறுப்பினர் அதன்பின் ஏதும் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கூட்டங்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆறரை மணி ஆனால் பெண் உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். இரவு டிபனுக்கு மாவு எடுத்துவைக்க வேண்டும். ஆண்கள் உட்கார்ந்து பெண் விடுதலையை விவாதித்து முடிப்பார்கள். டீ டம்ளர்களைக் கழுவியது யார் என்பது அவரவருக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு அத்தியாயச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்கான பணம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு இருக்கிறது, ஆனால் கடந்த ஆண்டு அளவுக்கு இல்லை. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெண் விஞ்ஞானிகள் குறித்த நூல்களையே தொடர்ந்து படிக்கலாம் என்பது என் எண்ணம். உடல்நிலை முன்போல் இல்லாததால் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகவும் யோசிக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம். யாரும் தூக்காவிட்டால், ஜெராக்ஸுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, டீ போடும் முறையை அகரவரிசைப்படி எல்லோருக்கும் பொதுவாக்கினால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்; போண்டா அவருக்குப் பின்னால் இருக்கும் மேஜையில்.