"ஒட்டாது" என்றால் எது ஒட்டாது? இம்பிளாண்ட் பூச்சு தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடம்புக்குள் பொருத்தும் இம்பிளாண்டுகளுக்கு நானோ பூச்சு உருவாக்கும் ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். முறிந்த காலில் இரண்டு வருடம் இருந்த டைட்டானியம் தகட்டை எடுக்கப் போனவன் நான். சின்ன வேலை என்றுதான் சொன்னார்கள், ஆனால் திருகுகளின் தலைமேல் எலும்பு வளர்ந்து மூடியிருந்ததால் செதுக்கிச் செதுக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. யார் மேலும் குறை சொல்லவில்லை, டைட்டானியத்தின் குணம் அது. ஸ்வீடனில் 1950களில் புரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவி திரும்ப வராமல் பிடித்துக்கொண்டதில்தானே இன்றைய பல் இம்பிளாண்டின் கதையே தொடங்கியது. அவருக்கு அது வரம். எனக்கு உளியும் சுத்தியலும்.

அதனால் மேலே நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் மேடுபள்ளம் செதுக்கிய, செல்கள் ஒட்டாத பூச்சு என்று கேள்விப்பட்டதும் ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எல்லா இடத்திலும் அதே ஒரு சொல், "ஒட்டாது". சரி, எது ஒட்டாது, எத்தனை நாளைக்கு, எந்தத் திரவத்தில் வைத்துப் பார்த்தீர்கள்?

செல் நேராக உலோகத்தில் ஒட்டுவதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் படிய ஆரம்பித்துவிடும், அந்தப் படலத்தைத்தான் செல் தன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதப் பிடிகளால் பற்றுகிறது. அந்தப் பிடிமானப் புள்ளிகளைத் தங்கத் துகள்களாக வரிசைப்படுத்தி 2004இல் ஜெர்மன் குழு ஒன்று பார்த்தது: 58 நானோமீட்டர் இடைவெளியில் செல் நன்றாக ஊன்றிக்கொள்கிறது, 73 நானோமீட்டர் ஆனதும் தடுமாறுகிறது. வெறும் 15 நானோமீட்டர் வித்தியாசம்! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனால் அதில் புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடம் புரதம் படியாதபடி தனியாகப் பூசப்பட்டிருந்தது. உடம்புக்குள் நீங்கள் செதுக்கிய மேடுபள்ளங்களைப் புரதமே நிரப்பிவிட்டால் செல்லுக்கு அது சமதரைதானே? புரதமே இல்லாத உப்புக் கரைசலில் எடுத்த படத்தைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது இன்னும் பெரியது. உடம்பின் செல்லும் கிருமியும் இம்பிளாண்டின் மேற்பரப்பைப் பிடிக்கப் போட்டியிடுகின்றன என்று 1987இலேயே அந்தோணி கிரிஸ்டினா (Gristina) என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். நம் செல்லை மட்டும் விரட்டும் பூச்சு அந்தப் போட்டியில் கிருமிக்கு வழிவிட்டதாகிவிடாதா? ரத்தக்குழாய் அடைக்காமல் விரித்துவைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட்டில், அதுவும் மருந்து பூசிய வகையில், இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம்: ரத்தக்குழாயை மறுபடி அடைக்கும் தசைச் செல்களைத் தடுத்த மருந்து, உள்சுவரை மூடிக் காக்க வேண்டிய செல்களையும் தாமதப்படுத்தியது, சிலருக்கு ரொம்ப நாள் கழித்து ரத்தம் உறைந்தது. ஆகவே எந்த செல்லைத் தடுக்கிறீர்கள், எதை விட்டுவைக்கிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பலிக்காத மாதிரிகளின் முடிவையும் சேர்த்து வெளியிடுங்கள், அதைத்தான் முதலில் படிப்பேன்.

அப்புறம், திருகு பற்றி. எலும்பில் துளை போட்டு இறுக்கும்போதே மரையின் விளிம்பில் பூச்சு உரிகிறதா என்று பார்த்தீர்களா? உள்ளே போகும்போதே சுரண்டப்பட்டுவிட்டால், நானோமீட்டர் கணக்கெல்லாம் எந்த இடத்தில் மிச்சம் இருக்கும்?

இப்படிக்கு,
தகடு எடுத்த ஒருவன்