உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன்

ஸ்காபரோ, கனடா
16 நவம்பர் 2025

அன்புள்ள மகளுக்கு,

போனில் கதைத்திருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். அது உன் மனதில் உள்ள பதிலா, வேலைக்கு ஓடுகிற அவசரமா என்று எனக்கு விளங்காது. இது நீ ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன், சனிக்கிழமை, வழக்கம்போல அந்தத் தமிழ்க்கடை வாசலில் மேசை போட்டிருந்தோம். அப்பாவுக்கு இருந்த ஹண்டிங்டன் வருத்தத்துக்கான சங்கத்துக்குக் காசு சேர்க்க விற்கிற அமரில்லிஸ் பூக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நானும், எங்கள் குழுவில் வருகிற ஒரு வெள்ளைக்கார அம்மாவும் நின்றோம். நல்ல குளிர். ஒரு பெண் வந்தா. உன் சித்தியின் வயதிருக்கும். ஒரு கையில் அரிசிப் பை, மற்றக் கையில் முருங்கைக்காய். மேசையில் ஒட்டியிருந்த தாளை வாசித்தா, என்னைப் பார்த்தா, மற்ற அம்மா அங்கால் திரும்பும்வரை பேசாமல் நின்றா. பிறகு கிட்ட வந்து மெல்லமாகக் கேட்டா: "அக்கா, இது அந்தக் கைகால் ஆடுற வருத்தமோ?"

ஓம் என்றேன்.

"என்ரை அண்ணாவுக்கும் உதுதான் எண்டு டொக்டர் சொன்னவர். பேஸ்மென்ற்றிலைதான் வச்சிருக்கிறம். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்பிடியக்கா இதைப்பற்றித் தெரியும்?"

மகள், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் சும்மா தொண்டுக்கு நிக்கிறன்" என்றேன்.

கேட்டவளின் கண் கீழே போய்விட்டது. ஒரு பெட்டி வாங்கினா, மிச்சக் காசை வேண்டாம் என்றா, போய்விட்டா. பெயர் கேட்கவில்லை. என் போன் நம்பரையும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் உன் அப்பாவுக்கு ஊட்டி, உடுப்பு மாற்றி, இரவிரவாகப் பக்கத்தில் இருந்தவள் நான். அவவுக்கு அந்த நேரம் என்னை விட உதவக்கூடிய ஆள் அந்த வீதியிலேயே இருந்திருக்காது. அவவுக்குத்தான் பொய் சொல்லி அனுப்பினேன்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அது ஒரு நாள் பொய்யும் இல்லை. நாலு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சங்கத்துக்குக் காசு சேர்க்கிற முதல் நடைபயணத்துக்கு 250 மட்டன் றோல்ஸ் செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ லீவில் வந்து நின்றாய், ரஸ்க் தூளில் பிரட்டிப் பிரட்டி உன் விரலெல்லாம் காய்ந்துபோனது. கோயிலில் தெரிந்த ஆக்கள், அப்பாவோடு வேலை செய்தவை, மாமியின் சிநேகிதிகள் எல்லாரும் வாங்கினார்கள். எதற்குக் காசு என்று கேட்டவர்களுக்கு "ஒரு நரம்பு வருத்தத்துக்கு" என்றுதான் சொன்னேன். ஹண்டிங்டன் என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கவில்லை. நல்ல மனதோடு தந்த சனத்துக்கு, யாருக்காகத் தருகிறோம் என்பது தெரியாது.

ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு வருத்தம் தொடங்கின காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவர் நடந்த நடையைப் பார்த்துப் "பகலிலேயே போட்டுட்டு வந்திட்டார்" என்று பின்னால் இருந்தவை கதைத்தது என் காதில் விழுந்தது. ஒரு சொட்டும் குடியாத மனிதர். ஊரில் உன் அப்பப்பா ஆடி ஆடி நடந்ததைச் செய்வினை என்று சொன்னவையாம். அப்பா சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர். தனக்கும் அதே ஆட்டம் வந்தபோது டொக்டரிடம் போகவே இரண்டு வருடம் மறுத்தார். அப்பப்பாவின் ஆட்டத்துக்கும் தன் ஆட்டத்துக்கும் ஒரே பெயர் என்று 2012 இல் பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மரபணுக்கள் இருக்கிற குரோமோசோம்களில் நாலாவதில் சிஏஜி என்ற மூன்று மரபணு எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 40 தரமோ அதற்கு மேலோ வந்தால் வருத்தம் வந்தே தீரும். அப்பாவுக்கு 44.

அமெரிக்காவில் வூடி கத்ரி என்ற நாட்டுப்பாடகரையும் முதலில் குடிகாரன் என்றுதான் நினைத்தார்களாம். 1952 இல்தான் என்ன வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். 1967 ஒக்டோபரில் அவர் செத்துப்போனார். விவாகரத்தான பிறகும் அவரைக் கைவிடாமல் பார்த்தவ மார்ஜரி கத்ரி. அதே வருடம் அவ இந்த வருத்தத்துக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினா. கனடாவில் 1973 இல் ரால்ஃப், ஏரியல் வாக்கர் என்ற கணவன் மனைவி தொடங்கினதுதான் நாங்கள் கிழங்கு விற்றுக் காசு சேர்க்கிற இந்தச் சங்கம். எங்களைப்போல வீட்டுக்குள் இதைப் பார்த்தவர்கள் வெளியில் வந்து பெயர் சொன்னதால்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. இதை எனக்குச் சொன்னது அந்த வெள்ளைக்கார அம்மா. அவவுக்கு இரண்டு தம்பிமார் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களின் படத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பா. நான் அப்பாவின் படத்தை வைத்ததில்லை.

சேர்க்கிற காசு எங்கே போகிறது என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் வடிவாகப் பதில் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அப்பா வேலையை விட்ட மாதம் சங்கத்தின் சமூகசேவகி ஒருத்தி எங்கள் குசினிக்கு வந்து இருந்தாளே, நீ அப்போது பள்ளிக்கூடம். ஊனமுற்றோர் கொடுப்பனவுப் பத்திரங்களை என்னோடு இருந்து நிரப்பினாள். அப்பாவின் கோபம் அப்பாவின் குணம் இல்லை, வருத்தத்தின் குணம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். அதைக் கேட்டபிறகுதான் நான் அவரோடு சண்டை பிடிப்பதை விட்டேன். அந்த ஒரு வார்த்தை ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் எங்கள் வீட்டில் எத்தனை இரவு அமைதியாகப் போயிருக்கும்.

பிறகு சாப்பாடு. இந்த வருத்தக்காரர் சும்மா இருந்தாலும் உடம்பு ஓயாமல் ஆடுவதால் தின்றதெல்லாம் எரிந்துபோகும், மெலிந்துகொண்டே போவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. புட்டு கொடுக்கவேண்டாம், உதிருகிற சாப்பாடு தொண்டையில் போய்ப் புரைக்கேறும் என்று சொன்னார்கள். புட்டு இல்லாமல் அப்பாவா! தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, மசித்து, நெய்யும் வாழைப்பழமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். இறங்கியது. தேத்தண்ணிக்குள் தடிப்பாக்குகிற தூள் போட்டுக் கரண்டியால் பருக்கினேன். இதெல்லாம் அந்தப் பெண்ணின் வீட்டில் யாருக்குத் தெரியும்? அந்த அண்ணாவுக்கு இன்றைக்கும் யாரோ புட்டுக் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

காசால் ஆகாத உதவியும் இருக்கிறது. அப்பாவைப் பராமரிக்க எங்கள் வீட்டுக்கு வந்த பிஎஸ்டபிள்யூ என்ற உதவிப் பராமரிப்பாளர் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம்தான் கணக்கு. மிச்ச இருபத்திமூன்றும் நான். கடைசி வருடங்களில் நான் கேட்டு ஏங்கினது மருந்தோ காசோ இல்லை, இரண்டு மணித்தியால நித்திரை. நம்பி வந்து அப்பாவின் பக்கத்தில் இருக்க ஒரு ஆள். நாங்கள் யாருக்கும் சொல்லாததால் யாரும் வரவில்லை. சனத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை, கதவைப் பூட்டி வைத்தது நான். ஒரு செத்தவீடு என்றால் மூன்று நேரச் சாப்பாடும் தூக்கிக்கொண்டு வருகிற சனம் எங்கள் சனம். உயிரோடு இருக்கும்போது வரச்சொல்லிக் கேட்டிருந்தால் வந்திருக்கும்.

அதனால் எனக்கு ஒரு எண்ணம். மே மாதம் இந்த வருத்தத்துக்கான விழிப்புணர்வு மாதம். தமிழில் ஒரு கூட்டம் வைக்கலாமா, நீங்கள் பேசுவீர்களா என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் படத்தோடு, அப்பாவின் பெயரைச் சொல்லி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு ஆசை. வருகிற குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்து கொடுக்கக்கூடிய ஆக்களையும் அங்கேயே சேர்க்கலாம். மாமி தான் வருவேன் என்று சொல்லிவிட்டா. ஆனால் பிள்ளைக்கு ஒன்று சரிவரும் வரையும் பொறு என்றும் சொல்கிறா.

இதைத்தான் உன்னைக் கேட்க வேணும். அப்பாவுக்கு இருந்தது என்று நான் வாய் திறந்தால், உனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று கேட்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது என்னுடைய கதை மட்டும் இல்லை. பரிசோதனை செய்தாயா என்று நான் உன்னை ஒருநாளும் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். இந்த ஆபத்தோடு பிறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பரிசோதிக்காமலே இருக்கிறார்கள். தெரிய வேணுமா, தெரியாமல் இருக்க வேணுமா என்பது உன் உரிமை. செய்வதென்றால் முதலில் மரபணு ஆலோசகரோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டுச் செய். வான்கூவரில் அதற்கு நல்ல இடம் இருக்கிறது, இந்த முன்கூட்டிய பரிசோதனையை நெடுங்காலமாகச் செய்து அனுபவப்பட்டவர்கள்.

வேலை, காப்புறுதி பற்றியும் யோசிப்பாய். பரிசோதனை செய் என்றோ, செய்த முடிவைக் காட்டு என்றோ ஒருவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2017 இல் இங்கே சட்டம் வந்தது. 2020 இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்காக எங்கள் சங்கமும் வருடக்கணக்காக நின்று பாடுபட்டது. ஆனால் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று காப்புறுதிக்காரர் கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இதையும் தெரிந்துகொண்டு பதில் சொல்.

கல்யாணத்தைப் பற்றி மாமி சொல்வதை நான் தட்டிக்கழிக்கவில்லை. கதை பரவும். ஆனால் மறைத்துக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அப்பாவைத்தான் கட்டியிருப்பேன். ஆனால் தெரிந்து கட்டியிருப்பேன்.

செப்ரெம்பரில் நீ அனுப்பின செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூளைக்குள் நேரே செலுத்துகிற அந்த மரபணு மருந்தைக் கூடின அளவில் பெற்ற 12 பேருக்கு மூன்று வருடத்தில் வருத்தம் 75 வீதம் மெதுவாகத்தான் போனது என்று. 12 பேர்தான், இன்னும் எல்லாருக்கும் வரவில்லை, தெரியும். 2021 மார்ச்சில் வேறொரு மருந்தின் பரிசோதனையை நிறுத்தின அன்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது எனக்கு மறக்காது. அதனால் நான் துள்ளவில்லை. ஆனாலும் உன் வயதை நினைத்துச் சுவாமி அறையில் விளக்கு ஏற்றினேன்.

இந்த மரபணுவை 1993 இல் கண்டுபிடித்தது வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைச் சனம் கொடுத்த இரத்தத்தால். அங்கே போய்ப்போய் அதைச் சேர்த்த நான்சி வெக்ஸ்லரின் தாய்க்கும் இதே வருத்தம். 2017 மே மாதத்தில் அந்த நாட்டுக் குடும்பங்களையும் வத்திக்கானுக்குக் கூப்பிட்டு, இனி இதை மறைக்கவேண்டாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் சொன்னார். நான் அந்தக் காணொளியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது அவருக்குப் பேச்சு போய்விட்டது. ஒரு தகப்பன் ஆடி ஆடி நடந்து வர, பாப்பரசர் எழும்பிப் போய்க் கட்டிப்பிடித்ததைப் பார்த்து அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. நீ அப்போது பல்கலைக்கழக விடுதியில். இதை உனக்கு நான் சொன்னதில்லை.

வேண்டாம் என்று சொன்னாலும் நீ காரணம் சொல்லத் தேவையில்லை. நான் றோல்ஸ் செய்வேன், கிழங்கு விற்பேன், பேசாமல் இருப்பேன். அந்தப் பெண் திரும்ப வந்தால் அவவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல விடுவாயா? அதையும் கேட்டுத்தான் செய்வேன். நேற்றும் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை அதே வாசலில் நின்று வருகிற முகமெல்லாம் பார்த்தேன். வரவில்லை. வருகிற சனியும் நிற்பேன்.

உனக்கும் ஒரு பெட்டி தபாலில் போட்டிருக்கிறேன். கிழங்கின் தோள் மண்ணுக்கு வெளியில் தெரிய நட்டு, வெளிச்சமான ஜன்னலில் வை. முளை வரும்வரை தண்ணீர் கொஞ்சமாக விடு, கூடினால் அழுகிப்போகும்.

அவசரமில்லை. யோசித்துவிட்டு எழுது, இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடு.

அன்புடன்,
அம்மா