உன் மண்டபத்துக்கு ஒரு தூண்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வால்ஹைம் கணினி விளையாட்டில் அவ்வளவு பெரிய மண்டபத்தைக் கட்டி, உச்சிக் கூரையை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது! குறுக்குச் சட்டங்களை இரண்டு மடங்காக அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்மா, வீண் வேலை.

அந்த விளையாட்டு எடையைப் பார்ப்பதே இல்லை. தரையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. மண்ணைத் தொடும் சாதாரண மரத்துக்குத் தாங்குபலம் 100. தள்ளிப் போகப் போக அது குறையும். மேலே ஏறும்போது மெதுவாக, பக்கவாட்டில் நீட்டும்போது வேகமாக. 10-க்குக் கீழே போனால் அந்தத் துண்டு உடைந்துவிடும். ஒரு துண்டு தன்னைத் தொடுபவற்றில் எது பலமானதோ, பெரும்பாலும் அதனிடமிருந்துதான் பலத்தை வாங்கிக்கொள்கிறது. சோர்ந்த சட்டம் பத்து சேர்ந்தாலும் பலம் கூடாது.

விளையாட்டில் சுத்தியலைக் கையில் எடுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார், அதன் பலம் நிறமாகத் தெரியும். நீலம் என்றால் தரையில் ஊன்றியிருக்கிறது. பலம் குறையக் குறையப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. உன் படத்தில் நடுத்தூண்கள் பலகைத் தளத்தின் மேல்தான் நிற்கின்றன. கோளாறு அங்கேதான். பலகையை எடுத்துவிட்டுத் தூணை மண்வரை இறக்கு. நிலம் பள்ளமாக இருந்தால், மண்வெட்டியால் தூணுக்கு அடியில் மட்டும் மண்ணை உயர்த்திக்கொள். இயற்கை மட்டத்திலிருந்து 8 மீட்டர் வரை ஏற்றலாம். மேலே பலகை போட்டு மறைத்தால் வெளியே தெரியவும் தெரியாது.

தூணுக்குப் பைன் மரத்தின் உள்மரத்தைப் போடு. அதற்குப் பலம் 140, குறைவதும் மெதுவாக. இரும்பு வைத்த மரத்துக்கு 1500 இருக்கிறது, ஆனால் ஒரு கூரைக்காக இப்போதே இரும்பு தேடிச் சதுப்பு நிலத்தில் போய் அலையாதே. கல்லுக்கு 1000. ஆனால் அது செங்குத்தாகத்தான் ஏறும், பக்கவாட்டில் நீளாது. சாதாரண மரத்தின் மேல் கல்லை வைத்தாலும் நிற்காது. கல்லின் மேல் மரம் வைத்தாலோ 100-இலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். பெரிய கோட்டை கட்டுகிறவர்கள் கீழே கல்லும் மேலே மரமுமாகப் போவது அழகுக்காக மட்டுமல்ல.

அப்புறம், மழையில் நனைந்த மரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறாய் போலிருக்கிறது. நனைந்தால் அதன் ஆயுள் பாதி குறையும், அவ்வளவுதான். தாங்குபலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூதம் வந்து ஒரு தூணை உடைத்தால்தான் ஆபத்து. அதை நம்பியிருந்த எல்லாம் வரிசையாக விழும். வெளித்தூண்களைச் சுற்றி ஆழமாக ஒரு அகழி வெட்டிவிடு.

விளையாட்டில் என் உலகத்தில் உள்மரம் குவிந்து கிடக்கிறது. பையில் இருப்பது எந்த உலகத்துக்கும் கூடவே வருமே, சனிக்கிழமை இரவு சுமந்துகொண்டு வருகிறேன். அதற்குள் அந்தப் பலகைகளைப் பெயர்த்து வை.

அன்புடன்,
அப்பா